ஒரு சொட்டு நெய்

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த புதிதிலேயே என் ஆத்துக்காரரின் வேட்டியில் அந்தக் கறையைப் பார்த்துவிட்டேன். மஞ்சளாக, பின்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. சைக்கிள் செயினில் பட்டிருக்கும் என்று நினைத்துச் சவுக்காரம் போட்டுக் கும்மினேன். போகவில்லை. செயின் எண்ணெய் கறுப்பாக அல்லவா இருக்கும்? முகர்ந்து பார்த்தேன். பார்த்ததும் வேட்டியைக் கல்லில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவு கழுவென்று கழுவினேன். புதுப்பெண் யாரிடம் போய் இதைக் கேட்பது? அடுத்த வாரம் இன்னொரு வேட்டியில் அதே கறை இருந்தது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. நான் உறையூர்ப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், வாய் கொஞ்சம் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே பெயர் வாங்கினவள். அவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா வேலை. காலையில் எட்டரைக்குள் சாப்பிட்டுவிட்டு ரயில் வண்டியைப் பிடிக்கச் சைக்கிளில் ஓடுவார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: அவர், நான், அவருடைய அம்மா. மாமியார் சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் இருந்ததெல்லாம் பெருமாளும் அடுப்பும்தான்.

பிள்ளைக்கோ வயிற்று வலி. எட்டு ஒன்பது வயதிலிருந்தே உண்டாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வரும். தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, முன்னால் மடங்கி, நெற்றி தரையில் படுகிற மாதிரி உட்கார்ந்துவிடுவார். அப்படி மடங்கினால்தான் கொஞ்சம் தேவலையாம். மாமியார் ஓமத்தண்ணீரோடு வந்து நிற்பார்.

“வாயுடீ. அவன் அப்பாவுக்கும் இருந்தது” என்பார்.

அந்த அப்பா எந்த வயதில் போனார் என்று ஒரு நாள் கேட்டுவைத்தேன். தெரிந்த பிறகு கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. முப்பத்திரண்டு. என் ஆத்துக்காரருக்கு அப்போது இருபத்தெட்டு.

ஆள் ஈர்க்குச்சி. ஆனால் சாப்பாடு! இரண்டு ஆள் சாப்பிடுவார். அப்படியும் பசி அடங்காது. பக்கத்து வீட்டு மாமா கோயிலில் திருமஞ்சனம் சேவித்துவிட்டு வரும்போதெல்லாம் கேலி பேசுவார்: “ஏண்டாப்பா, சாப்பிடறதெல்லாம் எங்கே போறது? பொன்மலைல இஞ்சினுக்குப் போட்டுடறியா?” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். எங்கே போகிறது என்று வேட்டி துவைக்கிற எனக்குத் தெரியும். கொல்லையில் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் மேலே எண்ணெய் மினுமினுத்துக்கொண்டு மிதக்கும். தின்ற நெய் தின்றபடியே வெளியே வந்துகொண்டிருந்தது.

நெய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் சாதத்தை இலையில் போட்டதும் ஒரு சொட்டு நெய் விட்டாக வேண்டும். அது ருசிக்காக இல்லை. அந்தச் சொட்டு விழுந்த பிறகுதான் சாதம் சுத்தம். விழாத சாதத்தைக் கையால் தொடமாட்டார்கள். பிறகு தண்ணீரைச் சுற்றி, மந்திரம் சொல்லி, சாப்பிட ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்தால் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. பேசினாலும் பொய் சொல்லக் கூடாது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் சொட்டு என்பது கரண்டியாகிவிட்டிருந்தது. பிள்ளை இளைக்கிறானே என்று மாமியார் வெண்ணெயை முருங்கை இலை போட்டுக் காய்ச்சி, சாதத்தில் குளம் கட்டி விடுவார். இளைக்க இளைக்கக் கரண்டி பெரிதாகும். கரண்டி பெரிதாக ஆக அவர் இன்னும் இளைத்தார். வாரத்துக்கு ஒரு நாள் நெய்யில் மிதக்கிற அக்காரவடிசல். அன்றைக்குச் சாயங்காலம் தலையணையோடு மடங்கிக் கிடப்பார். இதை ஒருத்தரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. எப்படிப் போடுவார்கள்? நெய் கெடுதல் பண்ணும் என்று சொன்னால் எங்கள் தெருவில் பைத்தியம் என்பார்கள்.

அப்புறம் எறும்பு வந்தது. கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போகிற சாக்கடை ஓரத்தில் கட்டெறும்பு சாரி சாரியாக மொய்த்தது. நான் வெந்நீர் ஊற்றினேன். மறுநாள் திரும்ப வந்தது.  உறையூரில் என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்தது இப்படித்தான் தெரியவந்தது. ஆனால் பெரியப்பாவுக்கு அறுபது வயது.

“ஏன்னா, நாளைக்கு லீவு போடுங்கோ. டாக்டர்கிட்ட போறோம்” என்றேன்.

“வாயுக்கு எதுக்குடி டாக்டர்?”

“வாயுவாவது மண்ணாவது! வரேளா, நான் உங்க அம்மாகிட்ட அந்த வேட்டியைக் கொண்டு போய்க் காட்டட்டுமா?”

வந்தார்.

தெப்பக்குளம் பக்கத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருந்தார். கிறிஸ்தவர், கழுத்தில் வெள்ளிச் சிலுவை, மெதுவான பேச்சு. வேட்டிக் கறையைப் பற்றி நான் சொன்னபோது இவர் வெட்கத்தில் சுவரைப் பார்த்தார். டாக்டர் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதுகெலும்புக்குக் குறுக்கே, வயிற்றின் நடுவில், கல் உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

“இது கணையம்ங்க” என்றார். “சாப்பாட்டைக் கரைக்கிற சாறு இங்கருந்துதான் வரணும். அதுல என்சைம்னு ஒண்ணு இருக்கு. ஒரே என்சைம் இல்லை. சோத்துக்கு ஒண்ணு, பருப்புக்கு ஒண்ணு, நெய் எண்ணெய்க்கு ஒண்ணு. இவருக்குச் சாறு வர்ற வழி பூரா கல்லு. நெய்யைக் கரைக்க ஆளே இல்லை. அதான் அப்படியே வெளிய வந்திருது.”

“வாயு இல்லையா?” என்று இவர் கேட்டார். பாவம், வாயுவாக இருந்துவிடக் கூடாதா என்று அந்தக் குரல் கெஞ்சிற்று.

“இல்லைங்க.”

எனக்கு விளங்கவில்லை. கரைப்பதென்றால் என்ன, யார் கரைப்பது? டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “வீட்டுக்குப் போயி ஒரு வாய் வெறும் சோத்தை எடுத்து மென்னுக்கிட்டே இருங்கம்மா. முழுங்காதீங்க. கொஞ்ச நேரத்துல இனிக்கும். உங்க எச்சில்ல இருக்கிற என்சைம் சோத்தைச் சர்க்கரையா மாத்துது. அதே மாதிரி வேலைதான் உள்ளயும் நடக்கணும்.”

அன்று சமையலறை மூலையில் உட்கார்ந்து வெறும் சாதத்தை மென்றேன். நிஜமாகவே இனித்தது. எச்சில் பட்ட பாத்திரத்தைத் தொட்டால் கை அலம்புகிற வீடு எங்களுடையது. அந்த எச்சில்தான் சோற்றைச் சோறாக்குகிறது என்றால் இந்தச் சுத்தமெல்லாம் யாருக்காக? அந்த இனிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே எத்தனை காரியம் நம்மைக் கேட்காமல் நடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்று பயம் வந்துவிட்டது.

அன்று கிளம்புவதற்கு முன்பே டாக்டர் நெய்யையும் எண்ணெயையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். சுத்தத்துக்கு ஒரு சொட்டு போதும், அதற்கு மேல் கூடவே கூடாது. சோதித்ததில் சர்க்கரையும் இருந்தது; அதற்கு ஊசி. பிறகு அந்தச் சாற்றுக்குப் பதிலாக மாத்திரை, சாப்பிடும்போது நடுவில் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய கடை வீதி மருந்துக் கடைக்காரர் மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். மருந்துச் சீட்டு எழுதியபோதே டாக்டர் இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்.

“உங்க வீட்டு ஆளுங்க எப்படின்னு எனக்குத் தெரியும். சொல்லாம இருக்கிறது தப்புன்னு தோணுது. இந்த மாத்திரை பன்னியோட கணையத்துலருந்து எடுக்கிறது. வேற எதுலயும் இப்போதைக்கு இல்லைம்மா.”

 “மாத்திரை இல்லாட்டா?” என்றேன்.

“இருந்தாலே தள்ளிப் போடத்தான் முடியும்” என்றார்.

பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாம்பழச்சாலை தாண்டிய பிறகு சிரித்தார்.

“பெருமாளே வராகமா வந்தவர்தானே? எனக்காக இன்னொரு தரம் வந்திருக்கார், போ.”

“உங்க அம்மா?”

“கேக்காத வரைக்கும் சொல்ல வேண்டாம். கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“அடேயப்பா! பெரிய சத்தியசந்தன்!” என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நெய்யை நிறுத்த மாமியார் லேசில் ஒப்பவில்லை. டாக்டர் சொன்னார் என்று நான் சொல்ல, டாக்டருக்கு நெய்யைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்க, கடைசியில் பிள்ளையே “கொஞ்ச நாள் பார்ப்போம்மா” என்றதும் அடங்கினார். நான்தான் பரிமாறினேன். ஒரு சொட்டு, அவ்வளவுதான். குழம்புச் சாதம் பாதி ஆனதும் அவர் அண்ணாந்து வாயைத் திறப்பார். சாப்பிடுகிற கையால் மருந்துப் பாட்டிலைத் தொடக் கூடாதே! நான் மேலிருந்து மாத்திரையைப் போட்டு, டம்ளரிலிருந்து தண்ணீரை ஊற்றுவேன். குருவிக் குஞ்சு மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும், அவரும் சிரித்துப் புரையேறிவிடும்.

வேட்டியில் கறை நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொன்றையும் வெயிலில் விரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறைக்கு மூன்று பேரும் நடந்தே போனோம். அவர் ஓரிடத்தில்கூட மடங்கி உட்காரவில்லை. நுங்கும் நுரையுமாகப் போன தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துட்டேடி” என்றார். என் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாள் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு, ஐப்பசியில் ஒரு காலை. அவர் பாதிச் சாதத்தில் வாயைத் திறக்கிறார், நான் மாத்திரையைப் போடுகிறேன். மாமியார் அடுப்பங்கரை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“என்னடா மாத்திரை அது, உசிரையே கொண்டு வந்து குடுத்துடுத்து? எதுலடா பண்றா?”

வெறும் சந்தோஷத்தில் கேட்ட கேள்வி. நான் குறுக்கே பாய்ந்து “ஏதோ வேர் மூலிகைமா” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை இலையில் வைத்தபடியே சொல்லிவிட்டார்.

“பன்னியோட கணையத்துலேர்ந்தும்மா.”

தண்ணீர் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தவர் பொய் சொல்லமாட்டார். கொலைபாதகம்! ஒரே ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கத்தலை எதிர்பார்த்தேன். அழுகையை எதிர்பார்த்தேன். மாமியார் ஒன்றும் செய்யவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. “ம்” என்றார். “பாதியில எழுந்துக்கப்படாது. சாப்பிடு” என்றார். உள்ளே போனார். 

அடுத்த நாள் என் கையிலிருந்து சாதக் கரண்டியை வாங்கிக்கொண்டார். “நீ மாத்திரையைக் குடு. இலையில நான் போடறேன்.” நான் ஒரு மடச்சி, சந்தோஷப்பட்டேன். மாத்திரையை ஒப்புக்கொண்டுவிட்டார், எவ்வளவு பெரிய மனசு என்று உறையூருக்குப் போனபோது அம்மாவிடம் சொல்லி மாய்ந்துபோனேன்.

கார்த்திகையில் தலையணை திரும்ப வெளியே வந்தது. ஏதோ ஒரு நாள் என்று நினைத்தேன். அப்புறம் வேட்டியில் அந்த மஞ்சள். துவைக்கிற கல்லருகில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாத்திரையை என் கையால் கொடுக்கிறேன், ஊசியும் போடுகிறார்கள், பிறகு ஏன்? டாக்டர் இரண்டு மாத்திரையாக்கினார். “நெய் எதுவும் சேர்க்கலையே?” என்று கேட்டார். “ஒரு சொட்டுதான்” என்று அடித்துச் சொன்னேன். இவர் அப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி வந்தது. குளிரில் தெருவெல்லாம் கோலமும் திருப்பாவையும். வைகுண்ட ஏகாதசிக்கு வந்த கூட்டம் ஊரில் வழிந்தது. ஒரு நாள் அவர் சாப்பிட்டு வண்டிக்கு ஓடிய பிறகு, கொல்லையில் போட்ட எச்சில் இலையைக் காற்று புரட்டிப் போட்டிருந்தது. தண்ணீர் தெளிக்கப் போனவள் பார்த்தேன். இலையின் நடுவில், சாதம் இருந்த இடத்தில், வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்போ என்று விரலால் தொட்டேன். விரல் சூட்டுக்கு உருகிற்று. நெய். மாமியார் முதலில் நெய்யைக் கொட்டி, அதை மூடிச் சாதத்தைப் போட்டிருக்கிறார். சொட்டில்லை, கரண்டியில்லை, கிண்ணம் கிண்ணமாக. மார்கழிக் குளிரில் உறைந்ததால் மிச்சம் காட்டிக்கொடுத்தது.

இலையைக் கையில் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். எச்சிலாவது மடியாவது! “என்னம்மா இது? என்ன பண்ணி வெச்சிருக்கேள்?” என்று வீடே அதிரக் கத்தினேன்.

மாமியார் கொஞ்சமும் ஒளிக்கவில்லை. “அந்த அசுத்தம் தினம் அவன் உள்ளே போறதே! நான் பெத்த வயிறு பார்த்துண்டிருக்குமா? நெய் விட்டுத்தானே சுத்தம் பண்ணணும்?”

“அதுக்கு ஒரு சொட்டு விட்டா போறாதா?”

“சொட்டுல போற அசுத்தமாடி அது?”

“பெருமாளே வராகமா வரலையா?”

“பெருமாள் வந்தார். நீ கொண்டு வந்து கொடுத்தே. ரெண்டும் ஒண்ணா?”

அவர் கண்ணில் நீர் வழிந்தது. பிள்ளைக்கு விஷம் வைத்தவரைத் திட்டலாம். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நெஞ்சார நம்பி நிற்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது? நானும் திட்டினேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஒன்றும் அவரைத் தொடவில்லை.

சாயங்காலம் ஆத்துக்காரர் வந்ததும் இலையைக் காட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“சாதத்துக்கு அடியில நெய் இருந்தா கைக்குத் தெரியாதாடி? முதல் நாள்லேர்ந்தே தெரியும். நீ மாத்திரையைப் போடறச்சே உன் மூஞ்சியைப் பார்க்கணுமே, அப்படி ஒரு ஆசை. அம்மா சாதம் போடறச்சேயும் அதே மூஞ்சிதான். யார்கிட்ட வேண்டாம்னு சொல்றது?” தலையணையைத் தேடி எடுத்துக்கொண்டார். “உனக்காக மாத்திரை, அவளுக்காக நெய்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தலையணையைப் பிடுங்கி அடித்திருப்பேன். அவர் அதன்மேல் மடங்கிவிட்டார். அதனால் விட்டேன்.

மறுநாளே அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். நெய்ப் பாத்திரத்தைப் பூட்டிவைத்தேன். மாமியாரோடு பேச்சு வார்த்தை நின்றது. ஆனால் காலம் தாழ்ந்துவிட்டிருந்தது. மாசியில் காய்ச்சல் கண்டது. உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் மிச்சமில்லை, சதை பூராவும் வழிந்தோடிவிட்டது. எதைக் கொடுத்தாலும் நிற்கவில்லை. அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நெய்யினால்தானா என்று நேராகக் கேட்டேன்.

“அப்படிச் சொல்ல முடியாதுங்கம்மா. கல்லு இருந்துச்சு. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம். எவ்வளவுன்னு யாரால சொல்ல முடியும்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமியாரை விட்டுவிட்டு உறையூருக்கே போயிருப்பேன். அவர் சொல்லவில்லை. திரும்ப அதே பாலம், அதே பஸ். இதெல்லாம் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கிறது, நொதி என்று தமிழில் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு வாயில் அந்த வெறும் சாதம் இனிக்கும்.

வீட்டில் இரண்டு பெண்டுகள் மிஞ்சினோம். சமைத்தேன், மாமியாருக்கு இலை போட்டேன். தினமும் மத்தியானம் அவர் குனிந்த தலை நிமிராமல் வந்து உட்காருவார். காரியங்களெல்லாம் முடிந்து இலை போட்ட முதல் நாள் சாதத்தைப் போட்டுவிட்டு, பழக்கத்தில், கரண்டி நுனியில் ஒரு சொட்டு நெய்யை எடுத்துக்கொண்டு குனிந்தேன். இடது கையை இலைக்கு மேலே குறுக்காக வைத்துவிட்டார்.

“விட வேண்டாம்.”

“சுத்தத்துக்கு ஒரு சொட்டு” என்றேன். மாசங்களுக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அசுத்தமாவே இருக்கட்டும்” என்றார்.

கரண்டியிலிருந்த சொட்டு அவர் புறங்கையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. அந்தக் கையை இலையிலிருந்து எடுக்காமலே, மறு கையால் நெய் படாத சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டார். அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார், ஒரு நாளும் நெய் சேர்க்கவில்லை. என் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து நானும் நெய் விட்டுக்கொள்வதில்லை.